சயானில் ஏறி சி.எஸ்.எம்.டி. சேர்வதற்குள்: ஆவிக்குரிய போராட்டத்தில் வசனத்தைப் பற்றி நிற்க ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணே, தொண்ணூத்தொண்ணாம் சங்கீதத்தை ராத்திரிக்கு ஏழு தடவை சொல்றேன். பைபிளைத் தலையணைக்கு அடியிலதான் வச்சிருக்கேன். ஆனாலும் பயம் போகலையே."

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் நாங்கள் கூடும் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் ஒரு தங்கை இப்படிக் கேட்டாள். கணவருக்கு ராத்திரி ஷிப்ட். பத்துக்குப் பத்து கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில், அவளும் இரண்டு பிள்ளைகளும்தான். எதிர் வீட்டுக்காரி ஏதோ செய்வினை வைத்துவிட்டாள் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து தகரக் கூரையில் பூனை நடந்தாலும் தூக்கம் போய்விடுகிறது.

அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஆலோசனை, இன்னும் அதிகமாகச் சொல், சத்தமாகச் சொல் என்பதுதான். நானும் தலையாட்டினேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறுத்தியது. ஏழு தடவை சொல்லிப் போகாத பயம் எட்டாவது தடவையில் போகும் என்றால், வசனத்துக்கும் மந்திரத்துக்கும் என்ன வித்தியாசம்?

அந்தக் கேள்வியிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். நான் குருவானவர் இல்லை, வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்ததும் இல்லை. மஸ்ஜித் பந்தர் பக்கம் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். என்னைப் போன்றவர்களுக்காக எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: ஒரு தமிழ் வேதாகமம், ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா. நம் சபைகளில் பெரும்பாலும் புழங்குவது ஹென்றி பவர் என்பவர் முன்னின்று திருத்தி 1871இல் வெளிவந்த பவர் திருப்புதலின் வழிவந்த பழைய மொழிபெயர்ப்பு. மனப்பாடத்துக்கு அதன் ஓட்டம் அருமை. ஆனால் சில சொற்கள் இன்றைக்கு வேறு பொருளில் நிற்கின்றன. "ஆவியின் பட்டயம்" என்றதும் எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒருவன் "டிப்ளமோவா அண்ணே?" என்று கேட்டான். பட்டயம் என்றால் இங்கே வாள். புரியாத இடத்தில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். கத்தோலிக்க நண்பர் வீட்டில் கேட்டால் கிடைக்கும்.

படி 1: எதிரி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆவிக்குரிய போராட்டம், அதாவது பிசாசின் தாக்குதலை எதிர்த்து நிற்பது என்றதும் எல்லாரும் திறக்கிற இடம், பவுல் அப்போஸ்தலன் எழுதிய எபேசியர் 6. அந்த நிருபம் (கடிதம்) போன ஊரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எபேசு மாயவித்தைக்குப் பேர்போன பட்டணம். அங்கே மனந்திரும்பியவர்கள் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்பாகவும் சுட்டெரித்தபோது, அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு என்று கணக்குப் பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 19:19). ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி. தகடு, தாயத்து, மந்திரச் சொல் எல்லாவற்றிலும் ஊறிய ஜனங்களுக்குத்தான் பவுல் எழுதுகிறார். எழுதும்போது அவரே சங்கிலியில் இருக்கிறார் (6:20).

அவர்களுக்குப் புதிதாக ஒரு மந்திரத்தை அவர் கொடுக்கவில்லை. "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" நமக்குப் போராட்டம் என்று ஆரம்பிக்கிறார் (6:12). எதிர் வீட்டுக்காரிக்கு மாம்சமும் இரத்தமும் உண்டு. அப்படியானால் அவள் எதிரி இல்லை. மாமியார் இல்லை, மேனேஜர் இல்லை, தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்ட அடுத்த சால்காரரும் (வரிசை வீட்டுக்காரரும்) இல்லை. இந்த ஒரு வசனத்தைக் கீழ்ப்படிதலோடு வாசித்தாலே தாராவியில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 11ஆம் வசனம், 13, 14 என்று திரும்பத் திரும்ப வருகிற சொல் நிற்பதுதான். துரத்திக்கொண்டு ஓடச் சொல்லவில்லை. கிறிஸ்து ஏற்கெனவே துரைத்தனங்களை (தீய அதிகாரங்களை) உரிந்து சிலுவையில் வெற்றிசிறந்தார் என்று கொலோசெயர் 2:15 சொல்கிறது. அவர் பிடித்துக்கொடுத்த இடத்தை விட்டு நகராமல் நிற்பதுதான் நம் வேலை.

படி 2: பொய்யை எழுதுங்கள்

இந்தப் படியை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பிசாசைப் பற்றி இயேசு சொன்ன அடையாளம், அவன் "பொய்யனும் பொய்க்குப் பிதாவுமாயிருக்கிறான்" என்பது (யோவான் 8:44). ஏதேனில் அவன் கையில் கத்தியும் இல்லை, கம்பும் இல்லை. ஒரு கேள்விதான்: "தேவன் சொன்னது உண்டோ?" அதற்குள் ஒரு பொய்யை மடித்து வைத்திருந்தான். சகல விருட்சத்தின் கனியையும் "புசிக்கவே புசிக்கலாம்", ஒரே ஒரு மரம் மட்டும் வேண்டாம் என்று தேவன் தாராளமாகச் சொன்னதை, ஒன்றையுமே தின்னக்கூடாது என்று சொன்னதுபோலத் திருப்பினான். ஏவாளும் பதில் சொல்லும்போது "தொடவும் வேண்டாம்" என்று தேவன் சொல்லாததைச் சேர்த்துக்கொண்டாள். வசனத்தை அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பதன் ஆபத்து ஆதியாகமம் 3இலேயே ஆரம்பித்துவிட்டது.

ஆகவே நோட்டைத் திறந்து இடது பக்கத்தில், உங்கள் மனதில் ஓடுவதை ஒரே வாக்கியமாக, பேச்சுத்தமிழில் எழுதுங்கள். "பயமா இருக்கு" என்று நிறுத்தாதீர்கள். எதைப் பற்றிய பயம்? யார் என்ன செய்துவிடுவார்கள்? தேவன் எப்படிப்பட்டவர் என்று அந்தப் பயம் சொல்கிறது? கடைசிக் கேள்விதான் முக்கியம். கிணற்றில் வாளி விடுவதுபோலக் கயிறு முடியும் வரை விட்டுப் பாருங்கள்.

அந்தத் தங்கையும் அடுத்த வாரம் இப்படி எழுதிப் பார்த்தாள். முதல் வரி செய்வினை. அதற்குக் கீழே, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடும். அதற்கும் கீழே, ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதியது: "அவரு இல்லாத ராத்திரியில எங்களப் பாக்க யாருமில்ல." செய்வினை வெறும் மேல்தோல். உள்ளே உட்கார்ந்திருந்த பொய், ஆண்டவர் ராத்திரியில் இந்தக் கோலிக்கு வரமாட்டார் என்பது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மனதில் ஓடும் எல்லாக் குத்தலும் பிசாசின் குரல் ஆகாது. பரிசுத்த ஆவியானவரும் குத்துவார். இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கிற அளவுகோல் இது. ஆவியானவர் குறிப்பாகச் சொல்வார்: நேற்று தம்பியிடம் பொய்க் கணக்குச் சொன்னாய், போய்ச் சொல்லிவிடு. குற்றஞ்சாட்டுகிறவனாகிய பிசாசு மொத்தமாகச் சொல்வான்: நீ எதற்கும் லாயக்கில்லாதவன். முதல் குரலுக்கு ஒரு வழி இருக்கும், போய்ச் செய்ய ஒரு காரியம் இருக்கும். இரண்டாவதில் கதவே இருக்காது. முதலாவதுக்குப் பதில் மனந்திரும்புதல். அதைப் பொய் என்று இடது பக்கத்தில் எழுதி வசனத்தால் விரட்டப் பார்க்காதீர்கள். நான் பார்த்திருக்கிறேன், கதையைக் கீழே சொல்கிறேன்.

படி 3: வசனத்தைத் தேடுங்கள், முன்னும் பின்னும் வாசியுங்கள்

இப்போது வலது பக்கம். அந்தப் பொய்க்கு நேரெதிராகத் தேவன் என்ன சொல்லியிருக்கிறார்? எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதி இருந்தால் அதில் தேடலாம். போனில் உள்ள வேதாகமச் செயலியில் ஒரு சொல்லைத் தட்டினாலும் வரும். ஆனால் கிடைத்த வசனத்தை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். வசனங்களுக்கு எண் போட்டு இப்போதுள்ள மாதிரி பிரித்தது 1551இல்தான். பவுல் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதவில்லை, கடிதமாக எழுதினார். கடிதத்தில் ஒரு வரியை மட்டும் கிள்ளி எடுத்தால் வேறு எதுவாகவும் ஆகிவிடும்.

இந்த வேலையில் பிசாசே கைதேர்ந்தவன். வனாந்தரத்தில் இயேசுவிடம் அவன் எடுத்துக் காட்டியது 91ஆம் சங்கீதம், அந்தத் தங்கை ஏழு தடவை சொன்ன அதே சங்கீதம். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்றான். சங்கீதத்தில் இருக்கிற "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொல்லை விட்டுவிட்டான். குதிப்பது மேசியாவின் வழி இல்லையே! அடுத்த வசனத்துக்கும் அவன் போகவில்லை. ஏன் போவான்? அதில் சர்ப்பத்தை மிதித்துப்போடுவாய் என்று எழுதியிருக்கிறது.

இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வந்தவை: 8:3, 6:16, 6:13. மூன்றும் 6, 8 என்ற அருகருகான இரண்டு அதிகாரங்களில் உள்ளவை. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் 40 வருஷம் பசியோடும் முறுமுறுப்போடும் நடந்ததை நினைவுபடுத்தும் பகுதி அது. வனாந்தரத்தில் 40 நாள் பசியோடிருந்தவர் அதையே எடுத்துப் பேசினார். தம் நிலைமைக்குப் பொருந்தும் இடத்தை அவர் முழுமையாக அறிந்திருந்தார். வேதத்தை எங்கேயோ விரித்து விரல் வைத்துப் பார்க்கவில்லை.

நம்மில் பலர் செய்வது அந்த விரல் வைக்கிற வேலைதான். புது வருஷ ஆராதனையில் வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுப்பதை நான் கேலி செய்யவில்லை, நானும் எடுக்கிறேன். ஒரு வருஷம் எனக்கு வந்தது ஏசாயா 54:17, "உனக்கு விரோதமாய் உருவாக்கப்படும் எந்த ஆயுதமும் வாய்க்காதேபோம்." அந்தச் சமயம் ஆபீசில் மேலதிகாரி என் மேல் கோபமாக இருந்தார். நான் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவர் என் மேசைக்கு வரும்போதெல்லாம் மனதுக்குள் அந்த வசனத்தை ஏவினேன். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, இரண்டு பில்லை நான் இரட்டிப்பாகப் பதிந்திருக்கிறேன். அந்த மனிதர் சொன்னது சரி. மேலே சொன்னேனே, குறிப்பான குரல் என்று, அது அதிகாரியின் வாய் வழியாகவும் வரும்.

எரேமியா 29:11உம் இப்படித்தான். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனம் வீட்டுக்கு வீடு சுவரில் தொங்குகிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனம் 70 வருஷம் ஆகும் என்கிறது. 7ஆம் வசனம், கொண்டுபோய் விடப்பட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்கிறது. என் தாத்தா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்திலிருந்து தாராவித் தோல் கிடங்கு வேலைக்கு வந்தவர். ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இங்கேயே கண் மூடினார். முழு அதிகாரத்தையும் வாசித்த பிறகுதான், சுவரில் தொங்கிய அந்த வசனம் எங்கள் வீட்டுக்கு உண்மையில் என்ன சொல்கிறது என்று புரிந்தது. பிழைக்க வந்த ஊரைச் சபிக்காமல், அதற்காக ஜெபித்து அங்கே வீடு கட்டி வாழுங்கள் என்கிறது.

சில பொய்களுக்கு நேரான வசனங்களைச் சொல்கிறேன். ஒவ்வொன்றின் அதிகாரத்தையும் நீங்களே வாசித்துத்தான் நோட்டில் ஏற்ற வேண்டும்.

செய்வினை, மந்திரம் பற்றிய பயத்துக்கு எண்ணாகமம் 23:23ஐ எடுக்கலாம். சபிக்கக் கூலி பேசி அழைத்துவரப்பட்ட பிலேயாமின் வாயாலேயே, யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை என்று வருகிறது. அந்த முழுக் கதையும், கழுதை உட்பட, பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்றது. அறிக்கையிட்ட பாவத்தைத் திரும்பத் திரும்பக் கிளறும் குரலுக்கு 1 யோவான் 1:9. கடன்காரன் முகம் கனவில் வருகிறவர்களுக்கு எபிரெயர் 13:5. "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை" என்ற பாதியை மட்டும் நாம் பிடித்துக்கொள்கிறோம். அதே வசனம் பண ஆசையை விடு, இருப்பது போதுமென்று எண்ணு என்றுதான் ஆரம்பிக்கிறது. சீட்டுப் பணத்தில் போன் வாங்கிவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் உரிமை கொண்டாட முடியாது. நான் யாருக்கும் வேண்டாதவன் என்ற எண்ணத்துக்கு ஏசாயா 43:4. ராத்திரிப் பயத்துக்குச் சங்கீதம் 4:8, 121:4.

படி 4: ரயிலில் மனப்பாடம்

சண்டை நடக்கும்போது பக்கம் புரட்ட நேரம் இருக்காது. எபேசியர் 6:17இல் பட்டயம் என்பதற்குக் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் நீண்ட வாளைக் குறிப்பதில்லை, இடுப்பில் தொங்கும் குட்டை வாளைக் குறிக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறவனுக்கான ஆயுதம். அது பழகின கைக்குத்தான் அடங்கும்.

மும்பையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்ய நேரம் யாருக்கும் இல்லை, நிற்க நேரம் எல்லாருக்கும் உண்டு. தாராவிக்குப் பக்கத்து நிலையமான சயானிலிருந்து கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி.க்கு (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஸ்லோ வண்டியில் ஒன்பது நிறுத்தம். எபேசியர் 6:10 முதல் 18 வரை ஒன்பது வசனம். இதைக் கண்டுபிடித்த நாள் எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. சயானில் கதவைப் பிடித்ததும் 10ஆம் வசனத்தை ஆரம்பித்தால் மாட்டுங்காவில் முடியும். தாதருக்குள் சர்வாயுதவர்க்கம், அதாவது முழு ஆயுத உடை. அங்கே கூட்டம் ஏறி நெஞ்சை அழுத்தும்போது பரேல் வரை 12ஆம் வசனம்: மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல. காலை மிதிக்கிறவனைப் பார்த்துக்கொண்டே சொல்ல மிகப் பொருத்தமான வசனம். கரி ரோட்டில் தீங்குநாள், சிஞ்ச்போக்லியில் கச்சையும் மார்க்கவசமும், பைக்குலாவில் பாதரட்சை, சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் கேடகம், மஸ்ஜித்தில் தலைச்சீராவும் பட்டயமும். நான் இறங்குவது அங்கேதான், பட்டயத்தோடு. கடைசி நிறுத்தம் போகிறவர்களுக்கு 18ஆம் வசனம், சகலவிதமான வேண்டுதல்.

ஒரு வாரத்துக்கு ஒரு வசனம் போதும். முதல் வாரம் மாட்டுங்கா மட்டும். அடுத்த வாரம் மாட்டுங்காவும் தாதரும். ஒன்பது வாரத்தில் முழுப் பகுதியும் கால் வழியாக ஏறிவிடும். வெஸ்டர்ன் லைன், ஹார்பர் லைன்காரர்கள் தங்கள் நிலையங்களை வைத்து இப்படி அமைத்துக்கொள்ளலாம்.

(சயான் என்ற பெயரை ஆங்கிலத்தில் வாசித்து, வேதத்துச் சீயோன்தான் என்று எங்கள் பாட்டி சந்தோஷப்படுவாள். மராத்தியில் அந்த இடம் 'சீவ்', அதாவது எல்லை. எல்லையில் நிற்கிறோம் என்று வைத்துக்கொண்டாலும் நன்றாகத்தான் இருக்கிறது.)

படி 5: தாக்குதல் வரும் நேரத்தில்

வரிசை முக்கியம். யாக்கோபு 4:7ஐ நாம் பாதியிலிருந்து ஆரம்பிக்கிறோம். "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்பதற்கு முன்னால் "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்று இருக்கிறது.

முதலில் ஆண்டவரோடு பேசுங்கள். இதுதான் என் பயம், இதுதான் என் ஆசை என்று மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு நோட்டில் எழுதின பொய்யைப் பெயர் சொல்லி அடையாளம் காணுங்கள்: "இது இன்ன பொய்." அப்புறம் அதற்குரிய ஒரே ஒரு வசனத்தை வாய்விட்டு, நிதானமாகச் சொல்லுங்கள். இயேசு ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வசனத்தைத்தான் பதிலாகச் சொன்னார், வாதம் பண்ணவில்லை. கடைசியாக அந்த வசனத்துக்கு ஏற்ற ஒரு காரியத்தை உடனே செய்யுங்கள்.

பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் பாகத்தைத்தான். நான்கைந்து வாலிபர்கள் சேர்ந்து தங்கும் அறையில் ராத்திரி ஒரு மணிக்குப் போனில் வேண்டாததைத் தேடும் கை இருக்கிறது. "உமது வாக்கை என்னிருதயத்தில் வைத்துவைத்தேன்" (சங்கீதம் 119:11) என்று சொல்லிக்கொண்டே போனைக் கையில் வைத்திருந்தால் என்ன பயன்? வசனத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போனை மாடத்தில் போட்டு ஏணியை எடுத்துவிடு என்று ஒரு தம்பிக்குச் சொன்னேன். ஏணியை எடுத்த அன்றுதான் தூங்கினேன் என்றான்.

சத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் காலை நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழ வேண்டிய குடும்பம் தூங்குகிறது. எபேசுவில் பிசாசு துரத்தப் பார்த்த ஸ்கேவாவின் ஏழு குமாரரும் சரியான பெயரைத்தான் சொன்னார்கள், பவுல் சொன்ன அதே இயேசுவின் பெயர். அந்தப் பெயருக்குரியவரை அறியாமல் சொன்னதால் ஆடை போய், அடி வாங்கி ஓடினார்கள் (அப்போஸ்தலர் 19:13-16). பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசைத் தூஷணமாய் ஏசாமல், கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக என்று சொல்லி நிறுத்திக்கொண்டான் (யூதா 9). அதிகாரம் தொண்டையில் இல்லை.

படி 6: கதவைச் சாத்துங்கள்

"பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்ற எபேசியர் 4:27க்கு முந்தின வசனம் கோபத்தைப் பற்றியது. சூரியன் அஸ்தமிக்கும் முன் தணிய வேண்டிய எரிச்சல். மன்னிக்காமல் இருப்பதையும் சாத்தானின் தந்திரத்தையும் பவுல் 2 கொரிந்தியர் 2:10-11இல் ஒரே மூச்சில் சொல்கிறார். வாசலில் வசன ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அண்ணன் தம்பி பத்து வருஷம் பேசாமல் இருக்கிற வீடுகள் எனக்குத் தெரியும். கடையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிற நாம், ஸ்டிக்கரை அதேபோல் கட்டி வைத்திருக்கிறோம்.

படி 7: தனியாக நிற்காதீர்கள்

கேடகத்துக்குப் பவுல் எழுதின கிரேக்கச் சொல், கதவு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஆளை மறைக்கும் பெரிய கேடகம். ரோமப் போர்வீரர்கள் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து நிற்பார்கள். உங்கள் நோட்டின் இடது பக்கத்தைக் காட்டக்கூடிய ஒருவராவது வேண்டும். சகோதரிகளுக்குச் சகோதரி, சகோதரர்களுக்குச் சகோதரன். அந்த நபர் ஊரெல்லாம் ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் பரப்புகிறவராக இருக்கக் கூடாது.

பிள்ளைகள் விஷயம் தனி. இங்கே பிறந்த பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், வாசிக்க வராது. ஞாயிறு பள்ளியில் "அந்தகார லோகாதிபதிகள்" என்று கிளிப்பிள்ளைபோல ஒப்பித்துப் பரிசு வாங்குவார்கள், பொருள் கேட்டால் விழிப்பார்கள். அவர்கள் எந்த மொழியில் பயப்படுகிறார்களோ அந்த மொழியில் வசனம் போய்ச் சேர வேண்டும். என் மகள் இந்தியில்தான் கனவு காண்கிறாள். தமிழில் நான் வாசித்து, இந்தி வேதாகமத்திலிருந்து அவளை எழுதவைக்கிறேன். தமிழ் போய்விடுமே என்று என் அம்மா முணுமுணுக்கிறாள். அந்த வருத்தம் நியாயம்தான். ஆனால் அதை வேறு இடத்தில் சரிசெய்துகொள்ளலாம்.

படி 8: எங்கே நிறுத்த வேண்டும்

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகனுக்கு வலிப்பு. ஜெபிக்க வந்த ஒருவர் மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்றார். நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் பையன் குழாயடியில் விழுந்து மண்டை உடைந்தது. அந்தத் தாய் என்னிடம், "எனக்கு விசுவாசம் பத்தலையோ?" என்று கேட்டதை மறக்க முடியவில்லை.

பவுலோடு கூடவே சுற்றிய லூக்கா "பிரியமான வைத்தியன்" (கொலோசெயர் 4:14). தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் சொன்னது கைவைத்தியம் (1 தீமோத்தேயு 5:23). சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும், நடுவில் தூக்கமும் (1 இராஜாக்கள் 19). உபதேசம் அப்புறம்தான். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, காதில் குரல் கேட்கிறது, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால், ஜெபத்தோடு மருத்துவரிடம் போங்கள். சயான் மாநகராட்சி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகக் கூச்சமாக இருந்தால் அரசாங்கத்தின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416. காசில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். சாகும் எண்ணம் கெட்டியாகிவிட்டவரை ஒரு நிமிஷமும் தனியாக விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பிசாசு ஓட்டுகிறேன் என்று அடிப்பதும், கட்டிப்போடுவதும், முடியைப் பிடித்து இழுப்பதும் வேதத்தில் இல்லை. இயேசு வார்த்தையினாலே துரத்தினார் (மத்தேயு 8:16). மகாராஷ்டிராவில் 2013ஆம் வருஷச் சட்டப்படி, பேயோட்டும் பெயரில் துன்புறுத்துவது குற்றமும்கூட. யார் செய்தாலும், நம் ஆட்களே செய்தாலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

படி 9: சொல்லியும் மாறாதபோது

இது நடக்கும். பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டும், முள் என்று அவர் சொன்ன வேதனை போகவில்லை. அதைச் சாத்தானுடைய தூதன் என்றே அவர் எழுதுகிறார், இருந்தும் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது (2 கொரிந்தியர் 12:7-9). வசனம் வேலை செய்யவில்லை என்று அப்போது தோன்றும். அப்படித் தோன்றுவதையும் இடது பக்கத்தில் எழுதுங்கள். எழுதிவிட்டு லூக்கா 22:31-32 வாசியுங்கள். கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோலச் சாத்தான் புடைக்க உத்தரவு கேட்டான் என்று இயேசு பேதுருவிடம் சொல்கிறார். புடைப்பது நடக்காது என்று அவர் சொல்லவில்லை. "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு" வேண்டிக்கொண்டேன் என்கிறார். சுளகில் அரிசி புடைத்த ஆச்சிகளுக்கு இது விளக்காமலே புரியும். புடைக்கும்போது தானியமும் குதிக்கத்தான் செய்யும்.

அந்தத் தங்கை வலது பக்கத்தில் எழுதியது சங்கீதம் 121:4: "இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை." ஒரு மாதம் கழித்து எதிர் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கிறாள். அந்த அம்மாளுக்கும் இவள் மேல் ஏதோ சந்தேகமாம், ராத்திரி ராத்திரி என்ன முணுமுணுக்கிறாள் என்று. இப்போது ராத்திரி ஷிப்ட் நாட்களில் அந்த அம்மாளின் மகள்தான் துணைக்கு வந்து படுக்கிறாள். பூனை நடந்தால் இன்னும் விழிப்பு வருகிறதாம். எழுந்து பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்டு, அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். பைபிள் தலையணைக்கு அடியிலிருந்து அடுப்புக்கு மேல் இருக்கிற பலகைக்குப் போயிருக்கிறது. காலையில் சோறு வேகும்போது வாசிக்க அதுதான் வசதி என்கிறாள்.